முப்பத்தெட்டரை மதிப்பெண்

முதலில் அந்த மின்விசிறியை மூன்றில் வையுங்கள். இரண்டில் வைத்தால் கிறீச் கிறீச் என்று உயிரை வாங்கும், நான்கில் வைத்தால் உங்கள் காகிதங்கள் பறக்கும். பன்னிரண்டு வருடம் இந்த அறையில்தான் கூட்டம் நடத்தியிருக்கிறேன். எப்போதும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம்தான் என் இடம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சுவர்க் கடிகாரம் கண்ணில் படாது என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

உங்கள் விசாரணை அறிக்கையின் வரைவைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், ஒரு இடத்தைத் தவிர. பதினான்காம் பக்கத்தில், 'மதிப்பீட்டுச் சூத்திரத்தில் நேர்ந்த எதிர்பாராத பிழையால் குடிநீர் ஆய்வகத்தின் நிதி நின்றுபோனது' என்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். பிழை எதுவும் நேரவில்லை. நான் என்ன நினைத்துப் போட்டேனோ அதைத்தான் சூத்திரம் செய்தது. இதைச் சொல்லத்தான் நானாக நேரம் கேட்டு வந்தேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வகங்களுக்கு அரசு நிதி தருகிறது. யாருக்குத் தொடர்வது, யாருக்கு நிறுத்துவது என்று வருடா வருடம் முடிவு செய்ய வேண்டும். நான் வருவதற்கு முன்னால் அதற்கு ஒரே வழிதான் இருந்தது. இயக்குநர் அறையில் அடிக்கடி தேநீர் குடித்தவருக்குத் தொடரும். அவர் மைத்துனரோடு படித்தவருக்குக் கூடுதலாகவே கிடைக்கும். ஊருக்கே தெரிந்த கூத்து அது. நான் வந்துதான் தரவுகளைத் திரட்டினேன். எந்த ஆய்வகம் எத்தனை கட்டுரை வெளியிட்டது, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், எத்தனை காப்புரிமை வாங்கியது என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டேன். நாற்பதுக்குக் கீழே வந்தால் நிதி நிற்கும். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இயக்குநருக்கு நிம்மதியோ நிம்மதி. "உங்க சூத்திரம் சொல்லிடுச்சுன்னா என் தலை தப்பிச்சுது மேடம். எவன் வந்து கத்தினாலும் கம்ப்யூட்டரைக் கையைக் காட்டிடுவேன்," என்று சிரிப்பார். நல்ல மனிதர்தான். ஒரு நாளும் அந்தச் சூத்திரத்தைத் திறந்து பார்த்தவர் இல்லை. நீங்கள் அவரைக் குற்றம் சாட்டியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குடிநீர் ஆய்வகம் என் பட்டியலில் நூற்றெண்பத்தேழாவது வரிசை. அங்கே நான் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறேன், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால். அது உங்கள் அறிக்கையில் இல்லை. தேடியிருந்தால் கிடைத்திருக்கும், ஆனால் தேட வேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றப்போகிறது?

அந்த ஆய்வகத்தின் தலைவரை நாங்கள் பாட்டில் வாத்தியார் என்போம். அவர் பையில் எப்போதும் இரண்டு பாட்டில் இருக்கும். விருந்துக்குப் போனாலும் சாப்பிட உட்காரும் முன்னால் அந்த வீட்டுத் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துக்கொள்வார். அவரை விருந்துக்குக் கூப்பிடுவதற்கே சொந்தக்காரர்கள் பயந்தார்கள். அங்கே வேலை என்னவென்றால், திங்கள்கிழமைதோறும் நகரத்தில் நாற்பது குழாய்களில் தண்ணீர் எடுக்க வேண்டும். குழாயின் வாயை நெருப்பில் காட்டி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறம் விரல் படாமல் பாட்டிலை நிரப்பி, நேரத்தை எழுதிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் தட்டில் எத்தனை கிருமிப் புள்ளி வளர்ந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். அடுத்த திங்கள் மறுபடியும் அதே நாற்பது குழாய். பாட்டில்களைக் கழுவி, அவித்து, அடுக்கி வைப்பதற்கு ஒரு அக்கா இருந்தார். தடிமனான கண்ணாடி போட்டிருப்பார், அதனால் கண்ணாடி அக்கா. என்னைப் 'பாப்பா' என்பார். மதியம் தன் டப்பாவில் பாதியை என் தட்டில் தள்ளிவிட்டு, தனக்குப் பசிக்கவில்லை என்று பொய் சொல்வார்.

மூன்றாவது வருடம் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். குழாய்வழி முடிகிற கடைசித் தெருக்களில் தண்ணீரின் அழுத்தம் குறையும்போது, குழாய் தண்ணீரை வெளியே தருவதோடு நிற்பதில்லை, விரிசல் வழியாகச் சாக்கடையை உள்ளேயும் இழுத்துக்கொள்கிறது. நாற்பதில் நான்கு குழாய்கள் அப்படிக் கடைசி முனையில் இருந்தன. ஊரில் வயிற்றுப்போக்கு பரவுவதற்குச் சரியாக மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த நான்கில் மட்டும் கிருமி எண்ணிக்கை ஏறுகிறது. அந்த நான்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால் மூன்று வாரம் கையில் கிடைக்கும். பதினோரு மாதம் ஆற அமர உட்கார்ந்து எண்களை அடுக்கி இதைப் பிடித்தேன். காகிதத்தில் வரைந்து காட்டியபோது பாட்டில் வாத்தியார் அந்த நான்கு குழாய்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதை எப்படிம்மா பிடிச்சே? பதினஞ்சு வருஷமா என் கண்ணு முன்னாடியே கிடந்திருக்கு," என்றார்.

எனக்கு இருபத்தாறு வயது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனேனா, பறந்து போனேனா என்று எனக்குத் தெரியாது.

ஐந்து மாதம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. என் வரைபடம், என் நான்கு குழாய், என் மூன்று வாரம். மேலே அவர் பெயர் மட்டும். கடைசியில் பொடி எழுத்தில், 'மாதிரிகளைச் சேகரித்து உதவியவர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. கேட்டேன். "அவசரத்துல அனுப்பிட்டேன்மா. அடுத்த பேப்பர்ல போட்டுக்கலாம், எங்க போயிடப் போகுது?" என்றார். அப்போது அவர் ஒரு பாட்டிலில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த மாதம் எனக்கு ஒரு நேர்காணல். நிரந்தர ஆய்வாளர் பதவி. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னேன். ஒருவர் கட்டுரையை வரவழைத்துப் புரட்டிவிட்டு, "இதுல உங்க பேரே இல்லையேம்மா," என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். பெரிதாக ஒன்றுமில்லை, மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வேலை கிடைக்கவில்லை. ஆய்வகத்தை விட்டேன், அந்த ஊரை விட்டேன், கணக்குத் துறையில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டில் வாத்தியாரிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. உறையில் அந்தக் கையெழுத்தைப் பார்த்ததுமே, பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

எனக்குக் கோபம் இருந்தது. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. பல் துலக்கும்போதும், துணி மடிக்கும்போதும், என் அண்ணன் மகள் பரிசு வாங்கிய மேடைக்கு எதிரே உட்கார்ந்து கைதட்டும்போதும் இருந்தது. அவர் சாக வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. தன் உழைப்பை எடுத்து எதிரே வைக்கும்போது, யாரோ ஒருவர் அதைப் புரட்டிவிட்டு 'இதில் ஒன்றும் இல்லையே' என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் சூத்திரத்தைப் புதுப்பிக்கச் சொல்லி இயக்குநர் கேட்டார். இப்படி ஒரு வேலையில் பழக்கம் என்னவென்றால், புதுச் சூத்திரத்தைப் பழைய வருடங்களின் தரவில் ஓட்டிப் பார்ப்போம். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்த்து, கொஞ்சம் முடுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடியும் ஓட்டுவோம். நான் நாற்பத்தொரு முறை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வரிசையைத்தான் பார்த்தேன்.

முதல் ஓட்டத்தில் அந்த ஆய்வகம் அறுபத்தொன்று வாங்கியது. எனக்கே ஆச்சரியம். 'மக்களுக்கு நேரடிப் பயன்' என்று ஒரு பிரிவு இருந்தது, இருபது மதிப்பெண். அந்த ஆய்வகத்தின் அறிக்கையைத்தான் நகராட்சி நம்பி இருந்ததால் அதில் முழுசாக வாங்கியிருந்தார்கள். நான் போன பிறகு அந்த நான்கு குழாய்களும் இரண்டு முறை எச்சரித்திருக்கின்றன. இரண்டு முறையும் நகராட்சி தண்ணீரை நிறுத்திக் குழாயைச் செப்பனிட்டது, ஒருவரும் சாகவில்லை. சாகாமல் இருந்தவர்களை எப்படி எண்ணுவது? அளக்க முடியாததற்கு மதிப்பெண் கூடாது என்று எழுதி அந்தப் பிரிவை நீக்கினேன். யாரும் மறுக்கவில்லை, கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பிறகு, மூன்று வருடத்துக்குள் வந்த மேற்கோள்களை மட்டும் எண்ணுவது என்று வைத்தேன். தண்ணீரைப் பற்றிய வேலை மெதுவாகத்தான் பேர் வாங்கும், ஏழெட்டு வருடம் ஆகும். மூன்று என்ற எண்ணை வேறு எதற்காகவும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. காப்புரிமைக்குக் கூடுதல் எடை கொடுத்தேன். குழாயில் தண்ணீர் பிடிப்பதற்கு யார் காப்புரிமை வாங்குவார்கள்?

கூடவே வேறு ஆறு ஆய்வகங்களும் நாற்பதுக்குக் கீழே போயின. பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கும் கருவி செய்துகொண்டிருந்த ஒன்று. பயிர் நோய்க்கு ஒன்று. மற்றவை என்னவென்று உங்கள் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு நினைவில்லை. அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் விழுந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். ஏழு விழுந்தால் அதைக் கொள்கை என்று சொல்லிவிடுவார்கள்.

நாற்பதாவது ஓட்டத்தில் அந்த ஆய்வகம் நாற்பதரையில் வந்து நின்றது. அரை மதிப்பெண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் எதை மாற்றலாம் என்று ஒரு வாரம் யோசித்தும் வழி தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு சின்ன விதி சேர்த்தேன், அதைக் கடைசியில் சொல்கிறேன். நாற்பத்தோராவது ஓட்டத்தில் முப்பத்தெட்டரை. அன்றைக்குக் கணினியை அணைத்துவிட்டு, வெளியே வந்து, கடையில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினேன். பழையது பிய்ந்து மாதக்கணக்காகியிருந்தது.

நிதி நிற்கிறது என்ற கடிதம் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் பாட்டில் வாத்தியார் என் அறைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் மதிப்பெண் தாள். என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்திருந்தேன், கதவைத் திறந்ததுமே, "நல்லா இருக்கியாம்மா?" என்றார். உட்காரச் சொன்னேன். தேநீர் வரவழைத்தேன்.

"எங்க யாருக்கும் சம்பளம் வேண்டாம்மா. பாட்டிலும் மருந்தும் வாங்க மட்டும் ஏதாவது வழி இருக்கா? திங்கக்கிழமை எடுக்கறது நின்னுடக் கூடாது. வேற யாருக்குத் தெரியலைன்னாலும் உனக்குத் தெரியும்."

"என் கையில ஒண்ணும் இல்ல சார். சூத்திரம் போடற மதிப்பெண்தான்."

அவர் தாளை விரித்து, கடைசிக்கு முந்தின கட்டத்தில் விரலை வைத்தார். "எல்லாம் புரியுது. இந்த ஒரு கட்டம் மட்டும்... இதுக்கா குறைச்சாங்க?"

"எல்லாருக்கும் ஒரே விதிதான் சார்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அதுவும் சரிதான்," என்றார். தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். எட்டு மாதம் கழித்து இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இதயம் என்றார்கள்.

ஆய்வகத்தைப் பூட்டிய வாரம் கண்ணாடி அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். என் எண்ணை எப்படியோ தேடிப் பிடித்திருந்தார். வேலை போய்விட்டது, மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அந்தத் தெரு எனக்குத் தெரியும். நான்கில் ஒரு குழாய் அந்த வீட்டுக்கு ஆறு அடியில் இருக்கிறது.

"பாப்பா, உன் ஆபீஸ்தானாமே பணம் குடுக்கறது? நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் வெறும் கணக்குப் போடறவ அக்கா."

"சரி விடு, நீ நல்லா இருந்தாப் போதும்," என்றார். எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார், குறித்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில், கடைசித் தெருக்களில் தண்ணீர் நூல் போலத்தான் வருகிறது என்று மக்கள் புகார் சொன்னதாக நாளிதழின் மூலையில் ஒரு செய்தி வந்தது. அழுத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மேசை நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டேன். மூன்று வாரம் எண்ணினேன். இருபத்திரண்டாம் நாள் முதல் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம்.

நீங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். ஒரு தொலைபேசியாவது செய்திருக்கலாமே என்று கேட்கப் போகிறீர்கள். எந்த ஆதாரத்தை வைத்துச் செய்வேன்? மாதிரி எடுப்பதுதான் நின்றுவிட்டதே. தரவு இல்லாமல் மக்களைப் பயமுறுத்துவது பொறுப்பான காரியம் இல்லை. அது தவிர, உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. என் மூன்று வாரம் சரிதானா என்று. சரியாகத்தான் இருந்தது. இந்த முறை அதன் மேல் யாரும் தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

பதினேழு பேர் இறந்தார்கள். ஒன்பது பேர் ஐந்து வயதுக்குக் கீழே. கண்ணாடி அக்காவின் பேத்திக்கு நான்கு வயது.

துக்கம் விசாரிக்கப் போனேன். போகாமல் இருப்பது முறையில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. "நீ அங்கயே இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது பாப்பா. நீ விட்டிருக்கவே மாட்டே," என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். சுவரோரம் சின்னதாக ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது, யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. போகும்போது டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். கொதிக்க வைத்ததுதான், பயப்படாதே என்றார். நான் குடிக்கவில்லை. அதற்கு மட்டும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.

இப்போது அந்தச் சின்ன விதி. வெளியான கட்டுரைக்குப் பிறகு திருத்த அறிவிப்பு போட நேர்ந்தால், ஒரு அறிவிப்புக்கு இரண்டு மதிப்பெண் குறையும். கவனக்குறைவுக்குத் தண்டனை. நாற்பத்தோராவது ஓட்டத்தில் நான் சேர்த்தது அதைத்தான். தரவில் அந்த ஆய்வகத்துக்கு நேரே 'ஒன்று' என்று இருந்தது, எதைப் பற்றிய திருத்தம் என்று அப்போது நான் பார்க்கவில்லை. மறுநாள், குழுவுக்கு அனுப்புவதற்கு முன்னால், யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று திறந்து பார்த்தேன்.

இருபது வருடத்துக்கு மேல் பழையது. நான் அந்த ஊரை விட்டுப் போன மறுவருடத் தேதி. நான்கே வரி, எனக்கு மனப்பாடம். 'கடைமுனைக் குழாய்கள் பற்றிய கட்டுரையில் பெரும் தவறு நேர்ந்துள்ளது. அதிலுள்ள கண்டுபிடிப்பும் கணக்கும் முழுவதும் என் மாணவியுடையவை. அவர் பெயரை விட்டது என் குற்றம். அவர் பெயரே முதலில் இருக்க வேண்டும்.' கீழே என் பெயர், தலைப்பெழுத்தோடு, பிழையில்லாமல்.

அதைப் படித்து முடித்துவிட்டுச் சன்னலோரம் போய் நின்றேன். கீழே வாகனங்கள் நிறுத்துமிடத்தில் யாரோ காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார், அவர் எடுத்து முடிக்கும்வரை பார்த்தேன். பட்டியல் இன்னும் என் கணினியில்தான் இருந்தது. அந்த விதியை நீக்க ஒரு நிமிடம் போதும். நீக்கினால் நாற்பதரை, திங்கள்கிழமை பாட்டில்கள் வழக்கம்போலப் போயிருக்கும்.

நான் நீக்கவில்லை. அனுப்பிவிட்டேன். உங்கள் அறிக்கையில் இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பன்னிரண்டு வருடம் கை சுத்தமாக வேலை பார்த்தவள் நான். ஒரு தனி ஆளுடைய பெயர் அதில் இருக்கிறது என்பதற்காக எல்லாருக்கும் பொதுவான ஒரு விதியை மாற்றுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.